இல்லாத ஆளின் கையெழுத்து

கேள்வி: வீட்டில் ஓர் அறையில் உட்கார்ந்தபடி 3 வருடமாக மொழிபெயர்ப்புத் தொழில் செய்கிறேன். நான் ஒருத்திதான். ஆனால் இணையதளத்தில் ‘எங்கள் 8 பேர் குழு’ என்று போட்டிருக்கிறேன். போன் வந்தால் அலுவலக இரைச்சலைப் பதிவு செய்து வைத்திருப்பதைப் பின்னால் ஓடவிட்டுப் பேசுகிறேன். பணம் கேட்டு அனுப்பும் மின்னஞ்சலில் ‘கணக்குப் பிரிவு’ என்று ஓர் ஆணின் பெயரைப் போடுகிறேன். அப்படி ஒருவர் கிடையாது. என் வேலையில் இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. வீட்டிலிருந்து தனியாகச் செய்கிறேன் என்றால் மதிக்க மாட்டார்கள், கூலியைக் குறைப்பார்கள். இதில் என்ன தவறு?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: தவறு இருக்கிறது, சகோதரி. ஆனால் நீங்கள் ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்பியிருக்கும் எல்லாமே தவறு இல்லை.

உங்கள் பயம் நியாயமானது. வீட்டில் செய்கிற வேலை என்றதும் ‘சும்மா இருக்கிற நேரத்தில் செய்வதுதானே’ என்று பேரம் பேசுகிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன். அந்த அலட்சியம் அவர்களுடைய குற்றம், உங்களுடையது அல்ல. வீட்டை மறைப்பதும் பொய்யாகாது. கதவைச் சாத்திக்கொண்டு பேசுங்கள். தொழிலுக்குத் தனி எண் வைத்துக்கொள்ளுங்கள். தபாலுக்கு ஒரு முகவரியை வாடகைக்கு எடுங்கள். தனியாக இருக்கும் ஒரு பெண் தன் வீட்டு விலாசத்தை உலகத்துக்கெல்லாம் சொல்ல வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். சட்டம் கேட்கும் இடத்தில் மட்டும் கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2000-ஆம் ஆண்டிலிருந்தே, இணையத்தில் தொழில் செய்பவர் தன் பெயரையும் தொழில் நடத்தும் இடத்தின் முகவரியையும் தெரியும்படி தர வேண்டும் என்று விதி இருக்கிறது. உங்களுக்குப் பொருந்தும் விதி என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

‘எங்கள் நிறுவனம்’ என்று எழுதுவதிலும் குற்றமில்லை. கூடப் பிறந்தவர் யாரும் இல்லாதவர்கூடத் தமிழில் ‘எங்கள் அம்மா’ என்றுதான் சொல்கிறார். அது நம் பேச்சின் மரியாதை. அதில் ஓர் எண்ணைச் செருகும்போதுதான் பொய் ஆரம்பிக்கிறது.

எச்.பி. நிறுவனத்தைத் தொடங்கிய ஹியூலெட், பேக்கர்ட் கதையை யாராவது உங்களுக்குச் சொல்லியிருக்கலாம். இருவரும் அமெரிக்காவின் பாலோ ஆல்டோ நகரில் ஒரு வாடகை வீட்டின் கார் கொட்டகையில் தொடங்கி 1939-இல் நிறுவனமாக்கினார்கள். புதிதாகத் தொடங்கியவர்கள் என்று தெரியக் கூடாது என்பதற்காகவே முதல் கருவிக்கு 200ஏ என்று பெயர் வைத்தார்கள். அதுவும் ஒரு பந்தாதான். நானாக இருந்தால் செய்திருக்க மாட்டேன். ஆனாலும் ஒலி அலைகளை உண்டாக்கும் அந்தக் கருவிக்குள் ஒரு சின்ன மின்விளக்கைப் பொருத்தி, அலையின் அளவு ஏறி இறங்காமல் செய்திருந்தார் ஹியூலெட். வாங்குபவர் அதை இயக்கிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். அடுத்த மாதிரியில் 8 கருவிகளை டிஸ்னி நிறுவனம் வாங்கியது. 200 என்ற எண்ணை நம்பியதால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

உங்கள் 8 அப்படிப்பட்டது இல்லை. மொழிபெயர்ப்புச் சேவைக்கு ஐஎஸ்ஓ 17100 என்று 2015-இல் வந்த சர்வதேசத் தரம் ஒன்று உண்டு. மொழிபெயர்த்தவர் அல்லாத இன்னொருவர் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும் என்பது அதன் முக்கியமான நிபந்தனை. உங்களுக்குத் தெரியாததில்லை. 8 பேர் என்று படித்தவுடன், தன் ஒப்பந்தத்தையோ மருத்துவ அறிக்கையையோ இரண்டாவது ஆள் பார்த்துத்தான் அனுப்புகிறார் என்று வாடிக்கையாளர் எடுத்துக்கொள்கிறார். அந்த நம்பிக்கைக்கும் சேர்த்துத்தான் பணம் தருகிறார். குறை வரவில்லை என்கிறீர்கள். உங்கள் திறமையால் வரவில்லை, சந்தோஷம். அவர் வாங்கியதாக நினைக்கும் இரண்டாவது பார்வை மட்டும் அவருக்குக் கிடைக்கவே இல்லை.

இது நான் பட்ட பாடும்கூட. சில வருடங்களுக்கு முன் ஒரு சிறப்பிதழின் பக்க வடிவமைப்பை வெளியே கொடுத்தோம். ‘எங்களிடம் 6 பேர் இருக்கிறார்கள்’ என்றார்கள். அச்சுக்குப் போக 2 நாள் இருக்கும்போது பதிலே வரவில்லை. போனை எடுக்க ஆளில்லை. மூன்றாம் நாள் ஓர் அம்மா பேசினார். மகனுக்குக் காய்ச்சல், எழுந்து உட்காரக்கூட முடியவில்லை என்று அழுதார். 6 பேரும் அந்த ஒரு மகன்தான். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஒருவர்தான் என்று முதலிலேயே தெரிந்திருந்தால் அப்போதும் அவரிடம்தான் கொடுத்திருப்பேன், ஒரு வாரம் கூடுதலாக வைத்துக்கொண்டு. அவர் ஜுரத்தில் கிடந்துகொண்டு பயப்பட வேண்டியிருந்திருக்காது. நாங்களும் பாதிப் பக்கங்களோடு அச்சகத்தின் முன்னால் நின்றிருக்க மாட்டோம்.

இரைச்சல் பதிவை இன்றே அழித்துவிடுங்கள். 2017-இல் பேராசிரியர் ராபர்ட் கெல்லி வீட்டிலிருந்து பிபிசி நேரலையில் பேசிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்த கதவைத் திறந்துகொண்டு அவருடைய குழந்தைகள் வந்துவிட்டார்கள். உலகமே அந்தக் காட்சியைப் பார்த்தது. அதனால் அவர் சொன்ன கருத்தின் மதிப்பு குறைந்துவிடவில்லை.

என்னை அதிகம் வருத்தியது அந்தக் கணக்குப் பிரிவு ஆள்தான். பணம் வராதபோது கண்டிப்பாகக் கேட்கிறவர் அவர். வேலையைச் செய்து கொடுத்துவிட்டுப் பின்னால் நிற்பவர் நீங்கள். உழைத்த கூலியைக் கேட்கும் உரிமையைக்கூட இல்லாத ஓர் ஆணின் கையில் கொடுத்துவிட்டீர்களே! நாளைக்கு ஒரு வாடிக்கையாளர் அவரோடு பேச வேண்டும் என்றால் என்ன சொல்வீர்கள்? விடுப்பில் இருக்கிறார் என்பீர்கள். மறுபடியும் கேட்டால் வேலையை விட்டுப் போய்விட்டார் என்பீர்கள். அவருக்காக நீங்கள் பொய் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். பெயரை எடுத்துவிட்டு ‘கணக்கு’ என்று மட்டும் ஒரு மின்னஞ்சல் முகவரி வைத்துக்கொள்ளுங்கள். அது தபால்களைப் பிரித்து வைக்கும் பெட்டி, ஆள் அல்ல. கீழே உங்கள் பெயரைப் போடுங்கள். பணம் தரும் தவணை தப்பினால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதை வேலையை ஏற்கும்போதே சொல்லி, எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள். பிறகு குரலை உயர்த்தவே வேண்டியிருக்காது.

இணையதளத்தில் அந்த 8 பேர் வரியை எடுத்துவிட்டு, ‘உங்கள் ஆவணத்தை நான் ஒருவரே மொழிபெயர்க்கிறேன், என்னைத் தவிர வேறு யாரும் பார்ப்பதில்லை’ என்று எழுதுங்கள். ரகசியமான தாள்களை வைத்திருப்பவர்கள் தேடுவது இதைத்தான். இரண்டாவது பார்வை வேண்டும் என்பவர்களுக்காக, உங்களைப் போலவே தனியாகச் செய்யும் இன்னொருவரோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேலைக்குத் தனிக் கட்டணம் சொல்லுங்கள். வேறொருவர் பார்ப்பார் என்பதையும் முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள்.

ஏற்கெனவே இருக்கும் வாடிக்கையாளர்களுக்கும் எழுத வேண்டும். நீண்ட விளக்கம் வேண்டாம். ‘குழு என்று குறிப்பிட்டிருந்தேன், இதுவரை வந்த வேலை அனைத்தையும் நானே செய்தேன், இனியும் நானே செய்வேன்’ என்று 3 வரி போதும். ஓரிருவர் விலகலாம். அது நடக்காது என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க என்னால் முடியாது. ஆனால் அடுத்த மாதம் பணம் கேட்கும் மின்னஞ்சல் அந்த ஆண் பெயரில் போக வேண்டாம்.