வளைவில் பைக்கைச் சாய்க்கப் பயமாக இருக்கிறது. எந்த வேகம் பாதுகாப்பானது என்று எப்படிக் கணிப்பது?

இந்தப் பயத்தை முழுசாக விரட்ட வேண்டியதில்லை, அதில் பாதி நியாயமானதுதான். வளைவில் டயர் தாங்க வேண்டிய பக்கவாட்டு விசை, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். அதே வளைவை 40-க்குப் பதில் 50 கி.மீ. வேகத்தில் எடுத்தால் விசை சுமார் 56 சதவீதம் அதிகம். அதனால் வண்டி நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். சாய்ந்தபின் பிரேக்கை அழுத்தினால், டயருக்கு இருக்கும் கொஞ்சப் பிடிமானத்தைத் திரும்புவதும் நிற்பதும் பங்கு போட்டுக்கொள்ளும்.

சரி, எவ்வளவு வேகம்? தூரத்தில் சாலையின் இரு ஓரங்களும் ஒன்றுசேர்வது போலத் தெரியும் புள்ளியைக் கவனியுங்கள். அது உங்களை நெருங்கி வந்தால் வளைவு இறுகுகிறது, வேகத்தைக் குறையுங்கள். விலகிப் போனால் வளைவு விரிகிறது. கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் நிறுத்த முடியாது என்றால் அந்த வேகம் அதிகம்தான். மணலோ ஈரமோ இருந்தால் இன்னும் குறையுங்கள்.

அப்புறம் கைகள். ஓரளவு வேகத்தில் இடப்பக்கம் திரும்ப, இடது கைப்பிடியை மெல்ல முன்னே தள்ளுங்கள். வண்டி இடப்பக்கம் சாயும். என் பார்வையில் நம்பிக்கை பெரும்பாலும் இதில்தான் வருகிறது. ஆளில்லாத மைதானத்தில் முதலில் பழகுங்கள். பயந்தவர்கள் கைப்பிடியை இறுக்கிக்கொண்டு சாலையோரத்தையே பார்ப்பார்கள், வண்டியும் அங்கேதான் போகும்.