டெல்லி லேடி ஸ்ரீராம் கல்லூரியில் என் மகளுக்கு இடம் கிடைக்குமா?

பழனி அருகிலுள்ள ஊரிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார்: "என் மகள் மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் டூ படிக்கிறாள், கணிதம், இயற்பியல், வேதியியல், கணினி அறிவியல் கொண்ட பிரிவு. அரையாண்டுத் தேர்வில் 600-க்கு 562 எடுத்திருக்கிறாள். டெல்லி லேடி ஸ்ரீராம் மகளிர் கல்லூரியில் பொருளியலோ அரசியல் அறிவியலோ படிக்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. அங்கே 99 விழுக்காடு இல்லாமல் உள்ளே நுழைய முடியாது என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். நாங்கள் பி.சி. வகுப்பினர். அவளுக்கு எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்று கணக்கிட்டுச் சொல்ல முடியுமா? க்யூட் தேர்வுக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை."

பள்ளியில் சொன்னது பழைய காலத்துச் செய்தி. டெல்லிப் பல்கலைக்கழகக் கல்லூரிகள் 2021 வரை பிளஸ் டூ மதிப்பெண்ணை மட்டும் வைத்துக் கட்-ஆஃப் வெளியிட்டன. 2020-ஆம் ஆண்டு முதல் பட்டியலில் லேடி ஸ்ரீராம் கல்லூரி பொருளியல், அரசியல் அறிவியல், உளவியல் ஆகிய மூன்றுக்கும் 100 விழுக்காடு கேட்டது நாடு முழுவதும் பேசப்பட்டது. 2022 முதல் அந்த முறை இல்லை. இப்போது பிளஸ் டூவில் தேர்ச்சி பெற்றிருந்தால் போதும். தரவரிசை முழுவதும் க்யூட் என்னும் பொதுப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணை வைத்தே அமைகிறது. இருவர் ஒரே மதிப்பெண்ணில் நிற்கும்போது மட்டும் பிளஸ் டூவின் சிறந்த மூன்று பாடங்களின் விழுக்காடு முதலில் பார்க்கப்படும். ஆகவே உங்கள் மகளின் 562 அவளுக்குத் தடையும் இல்லை, உத்தரவாதமும் இல்லை. வாய்ப்பைக் கணிக்க வேண்டுமானால் வேறு சில விவரங்களைப் பார்க்க வேண்டும். அவற்றுள் முதலாவது விண்ணப்பத்தில் எந்தெந்தப் பாடங்களைத் தேர்ந்தெடுக்கிறாள் என்பது.

2025-இல் நடைமுறைக்கு வந்த விதிப்படி ஒருவர் அதிகபட்சம் 5 பாடங்களை எழுதலாம். ஒவ்வொரு பாடத்திலும் 50 கேள்விகள், 60 நிமிடம், அனைத்தும் கட்டாயம். சரியான விடைக்கு 5 மதிப்பெண், தவறான விடைக்கு 1 மதிப்பெண் குறைவு. ஆக ஒரு பாடத்துக்கு 250. லேடி ஸ்ரீராமில் பொருளியல் ஆனர்ஸ் படிக்க ஒரு மொழி, கணிதம், அவற்றுடன் வேறு இரண்டு பாடங்கள் என நான்கின் கூட்டுத்தொகை, அதாவது 1000-க்கு எவ்வளவு என்பது கணக்கில் வரும். அந்த இரண்டு பாடங்களில் பொருளியல் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. பிளஸ் டூவில் படித்த பாடத்தையே எழுத வேண்டும் என்ற விதி இருப்பதால், உங்கள் மகள் இயற்பியலையும் கணினி அறிவியலையும் வைத்தே பொருளியலுக்குப் போட்டியிடலாம். அரசியல் அறிவியலுக்கு ஒரு மொழியும் மூன்று பாடங்களும் என்ற வழியோடு, இரண்டு மொழிகளும் இரண்டு பாடங்களும் என்ற இன்னொரு வழியும் உண்டு. க்யூட் நடத்தப்படும் 13 மொழிகளில் தமிழும் ஒன்று என்பதைத் தமிழ்நாட்டுப் பெற்றோர் பலர் கவனிப்பதே இல்லை.

ஆகவே ஆங்கிலம், தமிழ், கணிதம், கணினி அறிவியல், இயற்பியல் ஆகிய ஐந்தையும் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். ஏன் என்பதை ஒரு கற்பனைக் கணக்கில் காட்டுகிறேன். கணிதத்தில் 40 கேள்விகளுக்குச் சரியாகவும் 10 கேள்விகளுக்குத் தவறாகவும் விடையளித்து 190 பெறுகிறாள் என்று கொள்வோம். ஆங்கிலத்தில் 205, தமிழில் 225, கணினி அறிவியலில் 210, இயற்பியலில் 150. பொருளியலுக்கு அவளுடைய தொகை தமிழ், கணிதம், கணினி அறிவியல், இயற்பியல் சேர்ந்து 775. அரசியல் அறிவியலுக்கோ இயற்பியலை விட்டுவிட்டு இரண்டு மொழிகளையும் வைத்தால் 830. அதே பெண், அதே தேர்வு, ஆனால் 55 மதிப்பெண் வித்தியாசம். ஒருவருக்குச் சாதகமான சேர்க்கையைப் பல்கலைக்கழகத்தின் கணினியே எடுத்துக்கொள்ளும். ஆனால் எழுதாத பாடத்தை அது எடுக்க முடியாது. தமிழ்த் தாளை விண்ணப்பத்தில் சேர்க்காமல் விட்ட பிள்ளைகள் இழப்பது இந்த இடைவெளியைத்தான்.

அடுத்து, கிடைக்கும் தொகையை எதனோடு ஒப்பிடுவது என்பது. ஒவ்வொரு சேர்க்கைச் சுற்று முடிந்ததும் டெல்லிப் பல்கலைக்கழகம் கல்லூரி வாரியாக, பாடப்பிரிவு வாரியாக, இட ஒதுக்கீட்டு வகுப்பு வாரியாகக் கடைசியாக இடம் பெற்றவரின் மதிப்பெண்ணைத் தன் சேர்க்கை இணையதளத்தில் வெளியிடுகிறது. பயிற்சி மையங்கள் பரப்பும் 'எதிர்பார்க்கப்படும் கட்-ஆஃப்' பட்டியல்களை ஒதுக்கிவிட்டு, இந்த அட்டவணையை மட்டும் பாருங்கள். அதிலும் இரண்டு இடங்களில் கவனம் தேவை. ஒன்று, 2023, 2024 ஆண்டுகளில் 50 கேள்விகளில் 40-க்கு விடையளித்தால் போதும் என்றிருந்ததால் பாடத்துக்கு 200, மொத்தம் 800. 2025-இல் மொத்தம் 1000. 2024-இன் 740-ஐப் பார்த்து, 'என் மகளுக்கு 775 வருகிறதே' என்று மகிழ்வது பெரும் பிழை. 1000-க்கு மாற்றினால் அந்த 740 என்பது 925. ஆனாலும் இப்படி விகிதப்படி மாற்றுவது தோராயமே, ஏனெனில் தெரியாத 10 கேள்விகளை விட்டுவிடும் வசதி இப்போது இல்லை. ஆகவே 2025-ஐயும் அதற்குப் பிந்தைய ஆண்டுகளையும் அடிப்படையாகக் கொள்ளுங்கள். மற்றொன்று, முதல் சுற்றின் எண்ணைப் பார்த்து மனம் தளர வேண்டாம். மேல்விருப்பம், அதாவது விருப்பப் பட்டியலில் இன்னும் மேலே எழுதிய இடம், கிடைத்தவர்கள் நகர்ந்து போகும்போது இடங்கள் காலியாகி, பிந்தைய சுற்றுகளில் எண் இறங்கும். எவ்வளவு இறங்கியது என்பதே உங்களுக்குப் பயன்படும் தகவல்.

நான் பின்பற்றும் அளவுகோல் ஒன்று உண்டு. நேரம் வைத்து எழுதிய குறைந்தது ஐந்து முழு மாதிரித் தேர்வுகளின் சராசரியை எடுத்து, கடந்த ஆண்டின் கடைசிச் சுற்று எண்ணோடு ஒப்பிடுவேன். சராசரி 30 மதிப்பெண் மேலே இருந்தால் நல்ல வாய்ப்பு. 30-க்குள் மேலோ கீழோ இருந்தால் சரிபாதி. 60-க்கும் அதிகமாகக் கீழே இருந்தால் விருப்பப் பட்டியலில் வைக்கலாம், ஆனால் அதை நம்பித் திட்டமிடக் கூடாது. இது என் அனுபவக் கணக்கே தவிர விதி அல்ல. ஒரே பாடம் பல அமர்வுகளில் நடப்பதால் மதிப்பெண்கள் சமன்செய்யப்படுகின்றன. விடைக்குறிப்பை வைத்து வீட்டில் கூட்டிப் பார்க்கும் தொகையும் இறுதித் தொகையும் ஒன்றாக இருப்பதில்லை.

மாதிரித் தேர்வில் கணிதம் ஆரம்பத்தில் குறைவாகவே வரும். அதற்காக அவளைக் கடிந்துகொள்ளாதீர்கள். க்யூட் கேள்விகள் மத்திய அரசின் பாடநூல் நிறுவனமான என்சிஇஆர்டியின் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை ஒட்டியவை. நம் மாநிலப் புத்தகத்தில் அவள் ஆண்டு முழுவதும் உழைத்துப் படிக்கும் கலப்பெண்கள், சமன்பாட்டியல், கூம்பு வளைவுகள் எல்லாம் அங்கே பதினோராம் வகுப்பிலேயே முடிந்துவிடுவதால் இத்தேர்வில் அவற்றுக்கு இடமில்லை. மாறாக, நேரியல் திட்டமிடல் அவளுடைய புத்தகத்தில் இல்லை. பேயிஸ் தேற்றமும் உறவுகளும் சார்புகளும் சென்ற ஆண்டே படித்து மறந்தவை. என்சிஇஆர்டி கணிதப் புத்தகத்தின் இரண்டு பாகங்களையும் இன்றே தரவிறக்கி, இந்த இடைவெளியை மட்டும் நிரப்பச் சொல்லுங்கள்.

இனி, உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் வந்துபோன செய்தி. நீங்கள் பி.சி. வகுப்பு என்பது தமிழக அரசின் பட்டியல்படி. டெல்லிப் பல்கலைக்கழகம் மத்தியப் பல்கலைக்கழகம். அங்கே உள்ளது ஓபிசி என்னும் இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு 27 விழுக்காடு, எஸ்.சி.க்கு 15, எஸ்.டி.க்கு 7.5, பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு 10 என்னும் ஒதுக்கீடு. நம் மாநிலப் பட்டியலில் பி.சி. அல்லது எம்.பி.சி.யாக இருக்கும் எல்லாச் சாதிகளும் மத்திய ஓபிசி பட்டியலில் இல்லை. முதலில் அதைச் சரிபாருங்கள். இருந்தால், கிரீமிலேயரில் (பிற்படுத்தப்பட்டோருள் வசதி படைத்த பிரிவில்) வராதவர் என்று மத்திய அரசின் படிவத்தில் தனிச் சான்றிதழ் வாங்க வேண்டும். வருமான வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம். அதில் பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது, ஆனால் அவர்கள் வகிக்கும் அரசுப் பதவியின் நிலை பார்க்கப்படும். பட்டியலில் உங்கள் சாதி இல்லாவிட்டால், வருமானத்தையும் சொத்தையும் பொறுத்து நலிந்த பிரிவினருக்கான ஒதுக்கீட்டுக்குத் தகுதி இருக்கிறதா என்று பார்க்கலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஆலோசனை கேட்டு வந்த ஒரு மாணவி, பத்தாம் வகுப்பில் எடுத்து லேமினேட் செய்து வைத்திருந்த சாதிச் சான்றிதழையே ஓபிசி சான்றிதழ் என்று நம்பிப் பதிவேற்றியிருந்தார். இடம் ஒதுக்கப்பட்டது. கல்லூரியில் சான்றிதழ் சரிபார்ப்பின்போது அது மாநிலச் சான்றிதழ் என்று நிராகரிக்கப்பட்டது. பொதுப்பிரிவில் அந்த மதிப்பெண் போதவில்லை. இரவு பத்து மணிக்கு அவருடைய அப்பா தொலைபேசியில், 'இதுவும் சாதிச் சான்றிதழ்தானே சார்?' என்று திரும்பத் திரும்பக் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. இந்த ஒரு தாளுக்காக எந்தப் பெண்ணும் இடத்தை இழக்கக் கூடாது. சான்றிதழ் சேர்க்கை நடக்கும் நிதியாண்டில் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். ஆகவே ஏப்ரல் முதல் வாரத்திலேயே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, வட்டாட்சியர் அலுவலகத்தில் தொடர்ந்து விசாரியுங்கள். பெயரின் எழுத்துகள் மதிப்பெண் பட்டியலில் உள்ளபடியே இருக்கின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள்.

விருப்பப் பட்டியலைப் பற்றிப் பெற்றோரிடம் ஒரு தவறான அச்சம் இருக்கிறது: எட்டாத கல்லூரியை முதலில் எழுதினால், எட்டக்கூடியதும் போய்விடும் என்பது. அப்படி நடக்காது. கணினி உங்கள் மகளின் மதிப்பெண்ணுக்கு எட்டக்கூடியவற்றுள் பட்டியலில் எது மேலே இருக்கிறதோ அதைத் தரும். ஆகவே ஆசையின் வரிசையிலேயே எழுதுங்கள், நீளமாகவும் எழுதுங்கள். லேடி ஸ்ரீராமிலேயே அவளுடைய கணிதம் பயன்படும் புள்ளியியல், கணிதம் ஆகிய ஆனர்ஸ் படிப்புகள் உண்டு. தத்துவம், சமூகவியல், வரலாறும் உண்டு. அதே பல்கலைக்கழகத்தில் மிராண்டா ஹவுஸ், 1924-இல் தொடங்கிய இந்திரபிரஸ்தா மகளிர் கல்லூரி, கார்கி, கமலா நேரு, தௌலத் ராம் ஆகியவையும் மகளிருக்கானவை. அவளுக்குக் கல்லூரி முக்கியமா, பாடம் முக்கியமா என்பதை இப்போதே அமர்ந்து பேசி முடிவு செய்யுங்கள். பட்டியலின் வரிசை அதைப் பொறுத்தது. ஒதுக்கப்பட்ட இடத்தைக் குறித்த நேரத்துக்குள் ஏற்காவிட்டால் அடுத்த சுற்றுகளில் இடமில்லை என்பதையும் மறக்க வேண்டாம். ஏற்றுக்கொண்டு, கட்டணம் கட்டிய பின், மேல்விருப்பத்துக்குக் காத்திருப்பதாகத் தெரிவிக்கலாம்.

உங்கள் நேரடிக் கேள்விக்கு என் பதில் இது. பொதுப்பிரிவில் பொருளியல் கடினம். இயற்பியல் மதிப்பெண் அவளைக் கீழே இழுக்கும் என்றே நினைக்கிறேன். அரசியல் அறிவியலும் எளிதன்று, ஏனெனில் கலைப்பிரிவு மாணவிகள் தங்கள் பாடங்களில் முழு மதிப்பெண்ணை நெருங்கி வருகிறார்கள். ஆனால் இரண்டு மொழிகள் என்ற வழி அவளுக்கு இருப்பதால் அது பொருளியலைவிட அருகில் இருக்கிறது. ஓபிசி சான்றிதழ் முறையாகக் கையில் இருந்தால் இரண்டுமே இன்னும் கொஞ்சம் அருகில் வரும். மார்ச் மாதத்துக்குள் ஐந்து மாதிரித் தேர்வுகளின் சராசரியை எனக்கு எழுதி அனுப்புங்கள். பாடம் பாடமாகப் பார்த்துச் சொல்கிறேன்.

அதற்கிடையில் சென்னையிலோ கோவையிலோ மதுரையிலோ ஒரு கல்லூரிக்கும் விண்ணப்பித்து வையுங்கள். நம் கல்லூரிகளின் சேர்க்கை பிளஸ் டூ முடிவு வந்த கையோடு மே மாதத்திலேயே தொடங்கிவிடும். 2025-இல் க்யூட் முடிவு வெளியானது ஜூலை 4, டெல்லியில் வகுப்புகள் தொடங்கியது ஆகஸ்ட் 1. இங்கே சேரும்போது மாற்றுச் சான்றிதழையும் மதிப்பெண் பட்டியலையும் அசலாகக் கேட்பார்கள். விலகினால் எத்தனை நாளில் அவற்றைத் திருப்பித் தருவார்கள், கட்டணத்தில் எவ்வளவு திரும்பும் என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். லேடி ஸ்ரீராமில் இடம் கிடைத்தாலும் விடுதி தனி விண்ணப்பம், தனித் தேர்வு. விடுதி கிடைக்காவிட்டால் அருகில் பேயிங் கெஸ்ட்டாகத் தங்க மாதம் எவ்வளவு ஆகும் என்பதையும் உங்கள் குடும்பக் கணக்கில் இப்போதே சேர்த்துவிடுங்கள்.