வாசகர் கேள்வி: விளைவது பெகுவில், வேகுவது சென்னையில்

கேள்வி (பர்மாவின் பெகு வாசகர்): காவிரிப் படுகையிலும் உளுந்து விளைகிறது. அப்படியிருக்க, நம்மூர் மட்பேயை (பர்மாவில் உளுந்துக்கு அதுதான் பெயர்) தமிழ்நாடு ஏன் வாங்குகிறது?

பதில்: அங்கே விளைவது போதவில்லை என்பது முதல் காரணம். நாலு படி அரிசிக்கு ஒரு படி உளுந்து என்று போட்டாலும் இட்லி, தோசை, வடை, அப்பளம் எல்லாமாகச் சேர்ந்து தின்று தீர்த்துவிடும். இரண்டாவது, நமக்கு அதை விளைவிக்க ஆகும் இழப்பு சொற்பம். பெகுவிலும் ஐராவதிப் படுகையிலும் மழைக்கால நெல்லை அறுத்த பின் வயலில் ஈரம் மிச்சம் இருக்கும். அதை நம்பியே விதை போட்டால் பிப்ரவரி, மார்ச்சில் காய் முற்றிவிடும். உளுந்து போடாவிட்டால் அந்நிலம் பெரும்பாலும் சும்மாதான் கிடக்கும். பர்மியர் சமையலில் உளுந்துக்குப் பெரிய இடம் இல்லை. ஆகவே விளைவதில் பெரும்பகுதி கப்பலுக்குத்தான் போகிறது.

கேள்வி (மோல்மேன் வாசகி): எல்லா வேலையிலும் ஒருவரே கெட்டிக்காரர் என்றால் அவர் ஏன் இன்னொருவரிடம் வாங்க வேண்டும்?

பதில்: அக்காள், தங்கை என்று வைத்துக்கொள்வோம். அக்காள் ஒரு நாளில் 6 ரவிக்கை தைப்பார், இல்லையென்றால் 12 கிலோ மாவு அரைப்பார். தங்கைக்கு 2 ரவிக்கை அல்லது 8 கிலோ மாவுதான் முடியும். இரண்டிலுமே அக்காள் கை ஓங்கியிருக்கிறது.

ஆளுக்குப் பாதி நாள் தையல், பாதி நாள் மாவு என்றால் இருவருக்கும் சேர்த்து 4 ரவிக்கை, 10 கிலோ. தங்கை முழு நாளும் மாவே அரைத்தால் 8 கிலோ. அக்காள் 5 ரவிக்கை தைத்துவிட்டு, மீதி நேரத்தில் 2 கிலோ அரைக்கலாம். மாவு அதே 10 கிலோ, ரவிக்கை மட்டும் ஒன்று கூடிவிட்டது. ஒரு ரவிக்கைக்காக அக்காள் கைவிடுவது 2 கிலோ மாவு, தங்கை கைவிடுவது 4 கிலோ. ஆகவே ஒரு ரவிக்கைக்கு 3 கிலோ என்று பேரம் படிந்தால் இருவருக்கும் லாபம். 1817-இல் ஆங்கிலப் பொருளியலறிஞர் டேவிட் ரிக்கார்டோ இங்கிலாந்துத் துணியையும் போர்ச்சுகல் திராட்சை மதுவையும் வைத்துப் போட்டுக் காட்டிய கணக்கும் இதே வகைதான். வண்டிக்கூலியையும் ஏற்றுமதி, இறக்குமதிச் செலவையும் கழித்த பிறகும் அந்த ஒரு ரவிக்கை மிஞ்சுகிறதா என்பதை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும்.

கேள்வி (ரங்கூன் வாசகர்): இப்படி ஒரே பயிரை நம்பி இருப்பது ஆபத்தில்லையா?

பதில்: ஆபத்துதான். வாங்குபவர் ஒருவரே என்றால் இன்னும் ஆபத்து. இரண்டாம் உலகப் போருக்கு முன் பர்மா ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் டன் அரிசி அனுப்பியது. நிலம் பர்மியருடையது, கடன் செட்டியார் வட்டிக்கடைகளுடையது, தின்றவர்களில் பாதிப்பேர் இந்தியாவில். 1930-இல் நெல் விலை விழுந்தபோது வட்டி கட்ட முடியாத நிலம் கைமாறியது. முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார் கைவசம் இருந்த நிலம் 1930-இல் 6 சதவிகிதம், 1937-இல் 25 சதவிகிதம். நிலம் வந்தவருக்கும் நிம்மதி இல்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது ரொக்கம். மறுபக்கம், 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியரிடம் வீழ்ந்து இங்கிருந்து அரிசி போவது நின்றது 1943 வங்கப் பஞ்சத்துக்கான காரணங்களில் ஒன்று.

அண்மையில் உளுந்திலும் பார்த்தோம். இந்தியாவில் பருப்பு வகைகள் அமோகமாக விளைந்து விலை சரிந்தபோது, 2017 ஆகஸ்டில் டெல்லி, உளுந்தும் பச்சைப்பயறும் சேர்த்து ஓராண்டுக்கு 3 லட்சம் டன்தான் இறக்குமதி என்று வரம்பு கட்டியது. கிடங்கில் சரக்கு வைத்திருந்தவர் இங்கே தவித்தார். பிறகு 2021-இல், ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் உளுந்தும் 1 லட்சம் டன் துவரையும் மியன்மாரிலிருந்து எடுப்பதாக ஐந்தாண்டுக்கு ஒப்பந்தம் ஆனது.

கேள்வி (பஸ்ஸீன் வாசகர்): சிறு வியாபாரி, விவசாயி என்ன செய்யலாம்?

பதில்: முதலில் ஈரம். 12 சதவிகிதத்துக்கு மேல் ஈரத்தோடு சாக்கில் கட்டினால் பூஞ்சணமும் வண்டும் பிடிக்கும். அதன் பிறகு விலை ஏறட்டும் என்று காத்திருப்பதில் பொருளில்லை. முழு உளுந்தாகவே வையுங்கள். தோல் நீக்கினால் கெடுவது சீக்கிரம். உமியும் குருணையும் சென்னைப் பக்கத்து ஆலைக்காரருக்கு மாட்டுத்தீவனமாக விலை போகும், நமக்கு அந்த வருமானமும் இல்லை.

தரம் இரண்டு: எஃப்.ஏ.க்யூ. (சராசரித் தரம்), எஸ்.க்யூ. (சிறப்புத் தரம்). சலித்துப் பருமனாகத் தேர்ந்தெடுத்த எஸ்.க்யூ.வுக்குக் கூடுதல் விலை. அந்த வித்தியாசம் சலிப்புக் கூலியைவிட அதிகமா என்று கணக்குப் போட்ட பிறகு சலியுங்கள். ஏற்றுமதி விலையை டன்னுக்கு டாலரில் சொல்வார்கள். அன்றைய கியாட் (பர்மா நாணயம்) மாற்று விகிதத்தால் பெருக்கி 612-ஆல் வகுத்தால் ஒரு வீசையின் விலை வரும். (பர்மாவில் 'விஸ்' என்று எடை போடுவதே நம் வீசைதான், இங்கே 1.63 கிலோ.)

டெல்லியின் இறக்குமதி அறிவிப்புகளில் மார்ச் 31 என்ற கெடு தேதி அடிக்கடி வரும், ஏனென்றால் அவர்கள் நிதியாண்டு அன்று முடிகிறது. நம் அறுவடையும் சரியாக அந்தச் சமயம்தான். ஆகையால் முழுச் சரக்கையும் அந்தத் தேதியைத் தாண்டி வைத்திருக்க வேண்டாம், பாதியையாவது முன்பே தள்ளிவிடுங்கள்.

நிலத்தில் ஒரு பகுதியைப் பச்சைப்பயறுக்கு மாற்றலாம். அதைச் சீனாவும் வாங்குகிறது. ஆனால் காய் ஒரே சமயத்தில் முற்றாது, இரண்டு மூன்று முறை பறிக்க வேண்டும். பறிக்கும் கூலிக்கு ஆள் கிடைக்கும் ஊராக இருந்தால் மட்டும் இறங்குங்கள்.