மூன்று ஊசி போட்டாயிற்று, ரத்தம் எடுத்தீர்களா?

கேள்வி: ஐயா, கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கம் தென்னந்தோப்பும் கொஞ்சம் நெல்வயலும் வைத்திருக்கிறேன். ஆறு வயசு தோட்டத்து நாய் பத்து நாளாகச் சரியாகத் தின்னவில்லை. வாந்தி எடுக்கிறது, மூத்திரம் கடுங்காப்பி நிறத்தில் போகிறது, கண் மஞ்சளாக இருக்கிறது. உடம்பெல்லாம் உண்ணி. மருந்துக் கடைக்காரர் மூன்று நாள் ஊசி போட்டார். இரண்டு நாள் நன்றாகத் தின்றது, மறுபடி படுத்துவிட்டது. இது உண்ணிக் காய்ச்சல்தான், மாட்டுக்குப் போடும் பெரெனில் போட்டால் எழுந்துவிடும் என்கிறார். போடலாமா? மாடுகளுக்கும் ஒட்டிக்கொள்ளுமா?

பதில்: பெரெனில் வேண்டாம். உண்ணிக் காய்ச்சலைக் கொண்டுவரும் கிருமிகளில் ஒன்று, சிவப்பணுவுக்குள் வாழும் பபீசியா. நம் பக்கத்து நாய்களிடம் அதிகம் காணும் அதன் ஒரு வகையான பபீசியா கிப்சோனி பெரெனிலுக்குச் சரியாக அடங்குவதில்லை. அளவு தப்பினால் நாய்க்கு மூளை பாதித்துத் தள்ளாட்டமும் வலிப்பும் வரும். மாட்டு மருந்தைக் கண் திட்டத்தில் உறிஞ்சி நாய்க்குக் குத்துகிறவரிடம் இனிமேல் நாயைக் கொண்டு போகாதீர்கள். நாயின் உண்ணிக் காய்ச்சல் மாட்டுக்கு ஒட்டுமோ என்ற கவலை வேண்டாம். அவற்றுக்கு வரும் பபீசியா வேறு, அதைப் பரப்பும் உண்ணியும் வேறு.

நீங்கள் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது: இது உண்ணிக் காய்ச்சல்தானா? உடம்பில் உண்ணி இருப்பதாலேயே நோயும் உண்ணியால் வந்தது என்று ஆகிவிடாது. தோட்டத்து நாய் என்றால் வாய்க்கால் தண்ணீர் குடிக்கும், வரப்பில் எலி பிடிக்கும். மஞ்சள் கண்ணும் வாந்தியும் எலிப்பனியிலும், அதாவது எலிக்காய்ச்சலிலும் (லெப்டோஸ்பைரோசிஸ்) வரும். அப்படியானால் நாயின் மூத்திரத்திலிருந்து கிருமி மனிதருக்கும் மாட்டுக்கும் தொற்றும். நாய் படுத்த இடத்தை யார் கழுவுகிறார்கள்? பிள்ளைகளை விடாதீர்கள். கையுறையும் செருப்பும் போட்டு, பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றிக் கழுவுங்கள். வீட்டில் யாருக்காவது காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், நாய்க்கு இப்படி இருக்கிறது என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

எது என்று எப்படித் தெரியும்? உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். ஈறு வெளுத்து அதோடு மஞ்சளும் சேர்ந்திருந்தால், சிவப்பணு உடைந்து ரத்தம் குறைகிறது, பபீசியா பக்கம் சந்தேகம் போகும். வெளுப்பு அதிகமில்லாமல் மஞ்சள் மட்டும் தூக்கலாக இருந்தால் ஈரல், எலிப்பனி பக்கம். இது சந்தேகம் மட்டும்தான். தீர்ப்பு ரத்தத்தில்தான் இருக்கிறது. இதை நான் எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி எனக்கு வாயாடி என்று பெயரே வந்துவிட்டது: ரத்தம் எடுக்காமல் ஊசி போடாதீர்கள். காது நுனியிலிருந்து ஒரு சொட்டைக் கண்ணாடியில் இழுத்துச் சாயம் போட்டுப் பார்த்தால், சிவப்பணுவுக்குள் பபீசியா தெரிய வாய்ப்புண்டு. உண்ணி பரப்பும் இன்னொரு கிருமியான எர்லிக்கியா அப்படி எளிதில் கண்ணில் படாது. அதனால் தட்டணு எண்ணிக்கை பார்க்க வேண்டும்; நாய்க்கு இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது நன்றாக இறங்கியிருக்கும். அப்புறம் கிரியேட்டினின், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் ரத்த அளவு. சிறுநீரகம் அடிபட்டிருந்தால் நாயைக் காப்பாற்றப்போவது குளுக்கோஸ் பாட்டிலா மாத்திரையா என்பதை அந்த ஒரு எண்தான் சொல்லும். மண்ணுத்தி கால்நடை மருத்துவக் கல்லூரிப் பிள்ளைகளிலும் சிலர் நோயின் பெயரை முதலில் சொல்லிவிட்டு அதற்கேற்ற பரிசோதனையைப் பிறகு தேடுகிறார்கள். கடைக்காரரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

இருந்தாலும் சொல்கிறேன். மூன்று ஊசியில் எழுந்து, இரண்டே நாளில் திரும்பப் படுத்தது என்றால், கடைக்காரர் போட்டதில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இருந்திருக்கும் என்பது என் ஊகம். காய்ச்சலை அமுக்கும், பசியைக் கிளப்பும், நோயை அப்படியே விட்டுவிடும். அதோடு மனுஷருக்கான வலி மாத்திரையும் சேர்ந்தால் வயிறு புண்ணாகி ரத்த வாந்திதான். காலிக் குப்பிகளைத் தேடி எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள், அவர் திட்டினாலும் பரவாயில்லை. எது ஏற்கெனவே உள்ளே போயிருக்கிறது என்று தெரியாமல் அவர் அடுத்த மருந்தை முடிவு செய்ய முடியாது.

நாளை விடியலிலேயே மிருகாஸ்பத்திரிக்குப் போங்கள். முதலில் ரத்தம், அதற்குப் பிறகே மருந்து என்று கேட்டு வாங்குங்கள். எர்லிக்கியாவுக்கும் எலிப்பனிக்கும் டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் வேலை செய்யும் என்பதால், ரத்தம் எடுத்ததும் முடிவு வருவதற்கு முன்பே டாக்டர் அதைத் தொடங்கலாம். வாந்தி நிற்காத நாய்க்கு மாத்திரை தங்காது, முதல் சில நாள் ஊசிதான். எர்லிக்கியா என்று வந்தால் 28 நாள் முழுதாகக் கொடுங்கள். ஐந்தாம் நாள் நாய் வாலை ஆட்டியதும் நிறுத்திவிட்டு, அடுத்த மாதம் மூக்கில் ரத்தம் வடிகிறது என்று வருகிறவர்கள் எத்தனையோ பேர்.

உண்ணிக்கு நாயின் மேல் மருந்து தெளித்தால் மட்டும் போதாது. பழுப்பு நாய் உண்ணி ரத்தம் குடித்ததும் கீழே விழுந்து சுவர் விரிசலில் ஏறி ஆயிரக்கணக்கில் முட்டை வைக்கும். நாய் படுக்கும் சுவரைப் பூசி அடையுங்கள்.

வீட்டில் பூனை உண்டா என்று எழுதவில்லை. இருந்தால், நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தை அதன் மேல் போடாதீர்கள். பெர்மெத்ரின், அமிட்ராஸ் எதுவும் பூனைக்கு ஆகாது. காய்ச்சல் மாதிரி தெரிகிறதென்று பாராசிட்டமால் பாதி மாத்திரை கொடுத்தாலும் பூனை செத்துப்போகும்.