லிமா என்றால் கை

அன்புள்ள ஐயா,

மலேசியாவின் ஈப்போவில் மலாய்ப் பள்ளியில் படித்தவள் நான். சென்ற மாதம் நியூசிலாந்து போயிருந்தபோது அந்நாட்டுப் பழங்குடிகளான மாவோரிச் சிறுவர்கள் எண்ணுவதைக் கேட்டேன். ஐந்துக்கு 'ரிமா' என்றார்கள். மலாயில் அது 'லிமா'. அங்கே தமிழ் எழுத்துப் பொறித்த பழைய கப்பல் மணி ஒன்று கிடைத்திருக்கிறது, ஆகவே இந்தச் சொல்லும் தமிழர் கொண்டுபோனதுதான் என்கிறார்கள் நண்பர்கள். உண்மையா?

ச.

அன்புள்ள ச.,

இல்லை. மலாயும் மாவோரியும் ஒரே குடும்பத்து மொழிகள். ஏறத்தாழ 5000 ஆண்டுகளுக்கு முன் தைவானிலிருந்து படகேறியவர்களின் பேச்சு, மேற்கே மடகாஸ்கர், கிழக்கே ஈஸ்டர் தீவு வரை பரவி ஆயிரத்துக்கும் மேற்பட்ட மொழிகளாகக் கிளைத்தது. மடகாஸ்கரில் ஐந்து 'டிமி'.

ஹவாயிலும் சமோவாவிலும் லிமா என்றால் கை என்றும் பொருள். விரல்களை எண்ணி முடித்தால் ஒரு கை, அதுவே ஐந்து. மலாயில் கைக்கு 'தாங்ஙான்' என்ற வேறு சொல் வந்துவிட்டது. ஆனாலும் ஈப்போ சந்தையில் ஒருவர் ஐந்து வரை எண்ணும்போது அந்தப் பழைய கை அவர் வாயில் இருக்கிறது. எனக்கு இதை நினைத்தாலே சிலிர்க்கும்.

ஓசை ஒத்திருப்பது மட்டும் உறவுக்குச் சான்றாகாது. கண்ணுக்கு மலாயில் 'மாத்தா', இன்றைய கிரேக்கத்தில் 'மாத்தி'. அது வெறும் தற்செயல். உறவென்றால் மாற்றத்தில் ஓர் ஒழுங்கு இருக்கும். உங்களுக்குத்தான் மலாய் தெரியுமே, சோதித்துப் பாருங்கள். மலாயில் 'ல' இருக்கும் பழைய சொற்களில் மாவோரி 'ர' சொல்லும், கடைசி மெய்யை விட்டுவிடும். வானம் 'லாங்ஙிட்', அங்கே 'ரங்ஙி'. தோல் 'குலிட்', அங்கே 'கிரி'. மீன் 'இக்கான்', அங்கே 'இக்கா'.

தமிழ் மலாய்க்குள் போனது வணிகத்தின் வழியே. கடை அங்கே 'கெடாய்', கப்பல் 'கப்பால்'. இவை வாங்கிய சொற்கள்.

நீங்கள் சொன்ன மணியை 1836 வாக்கில் வில்லியம் கொலன்சோ என்ற கிறித்தவ ஊழியர் நியூசிலாந்தின் வாங்காரே ஊர் அருகே கண்டார். மாவோரிப் பெண்கள் அதில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். முகைதீன் பக்ஷ் என்பவரின் கப்பல் மணி என்று அதில் தமிழில் பொறித்திருக்கிறது. 'கப்பல்' என்ற சொல் அந்த உலோகத்திலேயே இருந்தது. அதில் சமைத்த பெண்களோ தங்கள் படகை 'வாக்கா' என்றே அழைத்தார்கள். ஃபிஜியில் அது 'வாங்கா', ஹவாயில் 'வாஅ'.

அன்புடன்.