பிரெஸ்ட் ஸ்ட்ரோக் (தவளை நீச்சல்) போட்டியில் தண்ணீருக்கு அடியில் எத்தனை டால்பின் உதை போடலாம்?

இரு கால்களையும் சேர்த்து மேலும் கீழும் அடிப்பதுதான் டால்பின் உதை. அதில் ஒன்றே ஒன்றுதான். குதித்ததும் ஒன்று, ஒவ்வொரு திருப்பத்துக்குப் பின்னும் ஒன்று. அதையும் முதல் தவளை உதைக்கு (கால்களை மடக்கி, பக்கவாட்டில் விரித்து உதைப்பது) முன்பே முடித்துவிட வேண்டும். கையை இழுப்பதற்கு முன்பா, இழுக்கும்போதா என்பது வீரரின் விருப்பம்.

உண்மையான சலுகை கைகளுக்குத்தான். மற்ற கைவீச்சுகளில் கை இடுப்பைத் தாண்டிப் பின்னே போகக் கூடாது. குதித்ததும், திரும்பியதும் வரும் முதல் வீச்சில் மட்டும் தொடைவரை இழுத்துத் தள்ளலாம். பிறகு கைகளை உடலை ஒட்டியபடி முன்னே நீட்டி, ஒரு தவளை உதையோடு மேலெழ வேண்டும். இரண்டாவது வீச்சில் கைகள் முழு அகலத்துக்கு விரிந்து உள்நோக்கித் திரும்புமுன் தலை நீருக்கு வெளியே தெரிந்தாக வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் தகுதி இழப்புதான். மற்ற நீச்சல் பாணிகளில் நீருக்கடியில் செல்ல உள்ள 15 மீட்டர் எல்லை இதற்கு இல்லை. ஒரே வீச்சு என்பதே போதுமான கடிவாளம்.

இத்தனை கெடுபிடிக்குக் காரணம் உண்டு. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஜப்பானின் மசாரு புருகாவா பெரும்பாலும் நீருக்கடியிலேயே நீந்தி 200 மீட்டரில் தங்கம் வென்றார். அதன்பின் அந்த வழி அடைக்கப்பட்டது. 2004 ஏதென்ஸில் ஜப்பான் வீரர் கொசுகே கிதாஜிமா டால்பின் உதை போட்டதாகச் சர்ச்சை கிளம்ப, மறு ஆண்டே ஓர் உதை சட்டபூர்வமானது. ஆனாலும் 2012 லண்டனில் 100 மீட்டர் தங்கம் வென்ற தென்னாப்பிரிக்காவின் கேமரன் வான் டெர் பர்க், கூடுதல் உதைகள் போட்டதைப் பின்னர் தாமே ஒப்புக்கொண்டார். பதக்கம் பறிபோகவில்லை. நீருக்கடியில் எடுத்த காட்சிகளை நடுவர்கள் அங்கே பயன்படுத்தாததே காரணம்.