பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியது புத்தியான முடிவா? அங்கே இருக்கும் தமிழர்கள் என்ன நினைக்கிறார்கள்?

என் கணக்கில் அது புத்தியான முடிவு இல்லை. ஆனால் விலக வேண்டும் என்று வாக்களித்தவர்கள் எல்லாரும் விவரம் தெரியாதவர்கள் என்று எழுதும் பதில்களையும் என்னால் ஏற்க முடியவில்லை. அப்படி வாக்களித்த ஒருவர் எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறார். என் சித்தப்பா. நாற்பது வருடமாக இந்த நாட்டில் உழைத்தவர், செய்தி பார்க்காமல் படுக்கைக்குப் போகாதவர். அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம். யாழ்ப்பாணத்திலிருந்து 1993ல் அகதியாக நெதர்லாந்து போனேன். அந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்த பிறகு 2002ல் லண்டனுக்கு வந்துவிட்டேன். விசா எடுக்கவில்லை, யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. ஒன்றியத்தின் ஒரு நாட்டுக் குடிமகன் இன்னொரு நாட்டில் போய் இருக்கலாம், வேலை செய்யலாம் என்ற உரிமை ஒன்றே போதுமாக இருந்தது. நெதர்லாந்து, ஜெர்மனி, பிரான்ஸ், டென்மார்க் என்று பல இடங்களிலிருந்தும் இப்படி வந்த தமிழ்க் குடும்பங்கள் இங்கே நிறைய உண்டு. பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும், சொந்தபந்தம் பக்கத்தில் இருக்கட்டும் என்றுதான் வந்தோம்.

2016 ஜூன் 23 அன்று வாக்கெடுப்பு. பதினான்கு வருடம் இங்கே வரி கட்டிய எனக்கு வாக்கு இல்லை. பிரித்தானியக் குடிமக்கள், அயர்லாந்துக்காரர், பொதுநலவாய நாட்டுக்காரர் ஆகியோர்தான் வாக்களிக்கலாம் என்பது விதி. எங்கள் வீட்டு மேல் அறையில் திருச்சியிலிருந்து படிக்க வந்த ஒரு தம்பி வாடகைக்கு இருந்தான். வந்து எட்டு மாதம்தான். இந்தியா பொதுநலவாய நாடு என்பதால் அவனுக்கு வாக்கு உண்டு. காலையில் படியிறங்கி வந்து, "அண்ணா, எதுக்குப் போடட்டும்?" என்று கேட்டான். ஒன்றியத்திலேயே இருக்கலாம் என்பதற்குப் போடச் சொன்னேன். போட்டுவிட்டு வந்து சொன்னான். என் வாழ்க்கை எப்படி இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் வாக்கை எனக்குப் பதிலாக அவன் போட்டான் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

மறுநாள் விடியற்காலையில் முடிவு வந்தது. விலக 51.9 சதவீதம், இருக்க 48.1 சதவீதம். 1 கோடியே 74 இலட்சம் பேருக்கு எதிரே 1 கோடியே 61 இலட்சம் பேர். லண்டன் முழுவதையும் எடுத்தால் ஏறக்குறைய 60 சதவீதம் இருக்கச் சொன்னது. ஆனால் நாங்கள் இருக்கும் ஹேய்ஸ் அடங்கிய ஹில்லிங்டன் வட்டாரம் 56 சதவீதம் விலகச் சொன்னது. அதில் ஒரு வாக்கு சித்தப்பாவுடையது.

அவருடைய காரணம் இதுதான். 2014ல் அவருடைய மகளுக்குக் கலியாணம். யாழ்ப்பாணத்தில் இருந்த அவருடைய அக்கா, எனக்கு மாமி, வருவதற்கு விசா கேட்டார். காணி உறுதி, வங்கிக் கணக்கு, அழைப்பிதழ், எல்லாம் வைத்துக் கேட்டும் கிடைக்கவில்லை. அவர் திரும்பிப் போவார் என்று நம்பிக்கை இல்லையாம். மாமிக்கு அப்போது எழுபத்தொரு வயது. அந்தக் கலியாணத்தை மாமி ஸ்கைப்பில்தான் பார்த்தார், அதுவும் தாலி கட்டும் நேரத்தில் இணைப்பு அறுந்துவிட்டது.

வாக்கெடுப்புக்கு முந்தைய ஞாயிறு சித்தப்பா வீட்டில் கதைத்துக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார்: "தம்பி, ருமேனியாவில இருந்து ஒருத்தன் பஸ் ஏறி வந்து இறங்கலாம். என்ர அக்கா என்ர பிள்ளையின்ர கலியாணத்துக்கு வர ஏலாது. இது என்ன நியாயம்?"

நான் சொன்னேன்: "சித்தப்பா, மாமியின் விசாவுக்கும் ஒன்றியத்துக்கும் சம்பந்தமே இல்லை. இலங்கைக்காரருக்கு யார் வரலாம், யார் வரக்கூடாது என்பது எப்போதும் லண்டன் எடுக்கிற முடிவுதான். விலகினாலும் அதே ஆட்கள்தான் எடுப்பார்கள்."

"ஐரோப்பாக்காரரை நிறுத்த முடியாத கோபத்தில்தான் எங்கட ஆட்களை நிறுத்துகினம். நீங்கள் எல்லாரும் கேட்டுக் கேள்வி இல்லாமல் வந்தபடியால்தான் எங்களுக்கு இடமில்லை."

'நீங்கள் எல்லாரும்' என்ற சொல் வாயை விட்டு வந்தபிறகுதான் யாரோடு பேசுகிறோம் என்பது அவருக்கு உறைத்தது. நானும் அந்த ஐரோப்பாக்காரரில் ஒருவன். சித்தி தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தார். அதன்பிறகு கொஞ்ச நேரம் யாரும் வாய் திறக்கவில்லை.

அவர் மட்டும் அப்படி நினைக்கவில்லை. ஒன்றியத்திலிருந்து விலகினால் கறி உணவகங்களுக்கு நம் நாடுகளிலிருந்து சமையல்காரரை எடுக்க வழி பிறக்கும் என்று அப்போது அமைச்சராக இருந்த பிரீத்தி பட்டேலே பிரசாரம் செய்தார். வங்கதேச உணவகக்காரர் பலர் அதை நம்பினார்கள். அதே நேரத்தில் லிங்கன்ஷயரில் பொஸ்டன் என்ற ஊர் 75 சதவீதத்துக்கு மேல் விலக வாக்களித்தது. மரக்கறித் தோட்டங்களுக்கும் பொதி செய்யும் தொழிற்சாலைகளுக்கும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து ஆட்கள் வந்து குவிந்த ஊர் அது. அங்கே இருந்தவர்கள் வெளியாட்கள் வருவது குறைய வேண்டும் என்று வாக்களித்தார்கள். சித்தப்பா தன் ஆட்கள் வர வேண்டும் என்று வாக்களித்தார். இரண்டு பேரும் ஒரே கட்டத்துக்குள்தான் புள்ளடி போட்டார்கள்.

இந்த விஷயத்தில் என் குறை முழுக்க அதில்தான் இருக்கிறது. 'வெளியே போகலாமா?' என்று மட்டும் கேட்டார்கள். 'எங்கே போவது?' என்று கேட்கவில்லை. வீட்டை விற்கலாமா என்று குடும்பத்தில் கேட்டு ஆமாம் என்று முடிவெடுத்துவிட்டு, போக வேறு வீடு பார்க்காமல் சாமானை ரோட்டில் இறக்கி வைத்த மாதிரி. நோர்வே போல ஒற்றைச் சந்தைக்குள், அதாவது ஒன்றிய நாடுகள் தடையில்லாமல் வாங்கி விற்கும் ஏற்பாட்டுக்குள், இருந்துகொண்டு விலகுவதா, கனடா போல ஓர் ஒப்பந்தத்தோடு விலகுவதா, எந்த ஒப்பந்தமும் இல்லாமலே போவதா என்று மக்களிடம் கேட்கவே இல்லை. அதனால்தான் அப்போதைய பிரதமர் தெரசா மே கொண்டுவந்த விலகல் ஒப்பந்தத்தை 2019 ஜனவரி 15 அன்று பாராளுமன்றம் 432க்கு 202 என்று தூக்கி எறிந்தது. சரி, அப்படியென்றால் வேறு எது வேண்டும் என்று மார்ச் மாதம் எட்டு வழிகளை முன்வைத்து வாக்கெடுத்தார்கள். எட்டும் தோற்றன. வழி தெரியாமல் நின்ற மூன்றரை வருடத்துக்குப் பிறகு, அடுத்த பிரதமர் போரிஸ் ஜோன்சன் 'முடித்து வைக்கிறேன்' என்று சொல்லியே 2019 டிசம்பர் தேர்தலில் வென்றார். 2020 ஜனவரி 31 இரவு நாடு வெளியேறியது. நடைமுறையில் எல்லாம் மாறியது அந்த வருடக் கடைசியில்தான்.

எனக்கு அது என்ன செய்தது என்று சொல்கிறேன். மேற்கு லண்டனில் தமிழ்ச் சாமான்கள் விற்கும் ஒரு மொத்த வியாபார நிறுவனத்தில் வேலை செய்கிறேன். சாமான் அனுப்புவதற்கான காகித வேலை என்னுடையது. 2020 வரை செவ்வாய்க்கிழமை பின்னேரம் லொறியில் ஏற்றினால் புதன் காலையில் பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் இறங்கும். கூடவே ஒரு பற்றுச்சீட்டுக் கட்டு, அவ்வளவுதான். லண்டனிலிருந்து பேர்மிங்ஹாமுக்கு அனுப்புவதும் பாரிசுக்கு அனுப்புவதும் எனக்கு ஒரே வேலை.

2021 ஜனவரியில் முதல் லொறி பிரான்சின் கலே துறைமுகத்தில் நின்றது. ஒரு கடைக்காரர் கேட்கும் சாமான் அறுபது எழுபது வகை இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சுங்க இலக்கம், தனித்தனி வரி. மோர்மிளகாயில் மோர் இருக்கிறது, ஆகவே அது பாற்பொருளா இல்லையா? இதற்காகவே ஒரு பகல் முழுக்கத் தொலைபேசியில் இருந்தேன். நெய், கருவாடு, மாசி போன்றவற்றுக்கு அரசு அங்கீகரித்த மிருக வைத்தியர் கையெழுத்திட்ட சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். பத்துப் பெட்டி நெய்யில் கிடைக்கும் லாபத்தைவிட அந்தக் கையெழுத்துக்குக் கொடுக்கும் காசு அதிகம். அந்த முதல் லொறி நான்காம் நாள் திரும்பி வந்தது. ஒரு காகிதத்தில் இலக்கம் பிழை. பிழை எங்களுடையதுதான், ஆனால் அந்த இலக்கத்தை அதுவரை எங்களில் ஒருவரும் கேள்விப்பட்டதே இல்லை.

இன்னொன்று, 'வரியில்லா வர்த்தக ஒப்பந்தம்' என்று 2020 நத்தாருக்கு முதல்நாள் அறிவித்தார்களே, அது பிரித்தானியாவிலோ ஒன்றியத்திலோ செய்த பொருளுக்குத்தான். எங்கள் களஞ்சியத்தில் இருப்பதோ இலங்கைச் சிவப்பரிசி மா, இந்தியப் பருப்பு. இங்கே இறங்கும்போது வரி உள்ள பொருளுக்கு வரி கட்டி, திரும்ப பிரான்சுக்கு அனுப்பும்போது அங்கேயும் வரி. இரண்டு முறை வரி கட்டிய சாமானை லாச்சப்பலில் யார் வாங்குவார்? இன்று அந்தக் கடைகளுக்குச் சாமான் நெதர்லாந்தின் ரொட்டர்டாம் துறைமுகத்தில் இறங்கி நேரே போகிறது. எங்கள் முதலாளி ஐரோப்பிய வியாபாரத்தை விட்டுவிட்டார். பொதி கட்டிய நான்கு பேருக்கு வேலை போனது. அதில் இரண்டு பேர் விலக வாக்களித்தவர்கள்.

இது ஒரு சின்ன நிறுவனத்தின் கதை. நாட்டுக் கணக்கைப் பார்த்தால், அரசின் வரவுசெலவைச் சுயாதீனமாக மதிப்பிடும் அலுவலகம் (ஓபிஆர்) ஒன்றியத்தில் இருந்திருந்தால் இருந்திருக்கக்கூடியதைவிட நீண்ட காலத்தில் உற்பத்தித்திறன் 4 சதவீதம் குறையும் என்று மதிப்பிட்டிருக்கிறது. விலகியதால்தான் செய்ய முடிந்தது என்று சொல்லும் இந்திய வர்த்தக ஒப்பந்தம் 2025 ஜூலையில் கையெழுத்தானது. அதனால் பொருளாதாரம் 0.13 சதவீதம் கூடும் என்பது அரசின் சொந்த மதிப்பீடு. இந்தியப் பருப்பு விற்கிறவன் நான், அந்த ஒப்பந்தம் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இருக்கச் சொன்ன எங்கள் பக்கத்தில் தவறே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். வாக்கெடுப்புக்கு முந்தைய மாதம், விலக வாக்களித்தாலே உடனே பொருளாதாரம் சுருங்கும், ஐந்து இலட்சம் வேலை போகலாம் என்று நிதி அமைச்சு அறிக்கை விட்டது. அப்படி நடக்கவில்லை. சித்தப்பா இன்றைக்கும் அதை எடுத்து என் முன்னால் வைப்பார். மற்றப் பக்கம் தங்கள் பிரசாரச் சிவப்பு பஸ்ஸில் ஒன்றியத்துக்கு வாரத்துக்கு 35 கோடி பவுண் அனுப்புகிறோம் என்று எழுதியது பொய்க்கணக்கு, ஒன்றியம் திருப்பித் தந்ததை அதில் கழிக்கவில்லை. ஆனால் எங்கள் பக்கத்தின் மிகைப்படுத்தலும் ஆட்களின் நம்பிக்கையைக் கெடுத்தது. பிறகு உண்மையான எச்சரிக்கை சொன்னபோதும் யாரும் கேட்கவில்லை. வட அயர்லாந்து பிரித்தானியாவின் பகுதி, பக்கத்து அயர்லாந்தோ ஒன்றியத்துக்குள்; அங்கே எல்லையை எங்கே வைப்பது என்று 2016ல் கேட்டவர்களை 'பயம் காட்டுகிறார்கள்' என்று ஒதுக்கினார்கள். கடைசியில் சொந்த நாட்டுக்குள்ளேயே, அயர்லாந்துக் கடலில், சோதனை வைக்க வேண்டி வந்தது. அந்தச் சண்டையில் 2022 பெப்ரவரியிலிருந்து இரண்டு வருடம் அங்கே அரசாங்கமே இயங்கவில்லை.

ஆட்கள் வருவது குறைந்ததா? ஐரோப்பாவிலிருந்து வருவது குறைந்தது. ஆனால் மொத்தக் கணக்கில், வந்தவர்களில் போனவர்களைக் கழித்தால், 2023 நடுப்பகுதியோடு முடிந்த ஒரு வருடத்தில் 9 இலட்சத்தைத் தாண்டியது. வாக்கெடுப்பு நடந்தபோது இருந்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேல். பொஸ்டன்காரர் ஏமாந்ததாக நினைத்தால் அதில் நியாயம் இருக்கிறது.

சித்தப்பா ஏமாந்தாரா என்று கேட்டால், பதில் அவ்வளவு நேராக இல்லை. முதியோர் பராமரிப்பு வேலைக்கு வெளிநாட்டாரை எடுக்க 2022ல் வழி திறந்தார்கள். மாமியின் பேத்தி 2023ல் அந்த விசாவில் வந்து சித்தப்பா வீட்டில்தான் இறங்கினாள். அன்று அவர் எனக்குத் தொலைபேசி எடுத்து, "பார்த்தியா தம்பி, எங்கட பிள்ளை வந்திட்டுது" என்றார். குரல் தழுதழுத்தது. நான் அன்றைக்கு ஒரு வாதமும் செய்யவில்லை. அடுத்த மார்ச்சில், அந்த விசாவில் வருகிறவர்கள் கணவன், பிள்ளைகளைக் கூட்டிவர முடியாது என்று விதி வந்தது. 2025 ஜூலையோடு வெளிநாட்டிலிருந்து புதிதாக எடுப்பதையும் நிறுத்திவிட்டார்கள். அதற்குள் மாமியும் போய்ச் சேர்ந்துவிட்டார், லண்டனைப் பார்க்காமலே.

இப்போது பொதுவான கருத்து மாறியிருக்கிறது. யூகவ் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் 2025 ஜனவரியில் எடுத்த கருத்துக்கணிப்பில் விலகியது தவறு என்றவர்கள் 55 சதவீதம், சரி என்றவர்கள் 30. ஆனாலும் ஒற்றைச் சந்தைக்கோ, ஒன்றியத்தோடு பொதுச் சுங்க வரி வைக்கும் சுங்க ஒன்றியத்துக்கோ திரும்புவதில்லை என்று சொல்லித்தான் தொழிற்கட்சியின் ஸ்டார்மர் 2024ல் ஆட்சிக்கு வந்தார். உணவுப் பொருள் சோதனைகளைக் குறைக்க ஓர் ஒப்பந்தம் செய்வோம் என்று 2025 மே மாதம் இரண்டு பக்கமும் லண்டனில் ஒத்துக்கொண்டன. அது வந்தால் மிருக வைத்தியரின் கையெழுத்து இல்லாமல் நெய்யும் கருவாடும் திரும்பப் போகலாம். அந்த இரட்டை வரி அப்படியேதான் இருக்கும்.

தமிழர் என்ன நினைக்கிறோம் என்ற உங்கள் கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. 1980களில் நேரே இங்கே வந்தவர்களில் பலர் சித்தப்பா போல, ஐரோப்பா சுற்றி வந்தவர்கள் பெரும்பாலும் என்னைப் போல. எனக்கு நிரந்தரமாக இருக்கும் அனுமதி கிடைத்துவிட்டது. ஆனால் பிரித்தானியக் குடியுரிமை எடுத்தால் நெதர்லாந்துக் குடியுரிமையை இழக்க வேண்டி வரும், அதனால் எடுக்கவில்லை. பொதுத் தேர்தலில் எனக்கு இன்னும் வாக்கு இல்லை. 2016ல் மகளுக்கு எட்டு வயது. இங்கே பிறந்தவள், பிரித்தானியக் குடிமகள். போன கார்த்திகையில் பதினெட்டு முடிந்தது, வாக்காளர் பட்டியலில் பெயர் பதிந்துவிட்டாள். அடுத்த முறை இந்தக் கேள்வியை யாராவது நாட்டிடம் கேட்டால், எதற்குப் போடுவது என்று அவள் என்னிடமும் கேட்கப்போவதில்லை, சித்தப்பாவிடமும் கேட்கப்போவதில்லை. ஆனால் போகும் இடம் எது என்று அந்தச் சீட்டில் எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடு என்று மட்டும் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.